அம்பாசிடர் காரில் ஒழுகும் வாட்டர் பம்பை மாற்றுவது

வாட்டர் பம்ப் எஞ்சினின் முன்முகத்தில், ரேடியேட்டர் ஃபேனுக்கு நேர் பின்னால் இருக்கிறது. பட்டறைகளில் இதை வாட்டர் பாடி என்பார்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய நீரை இழுத்து எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளுவது இதன் வேலை. பிளாக்கிலும் சிலிண்டர் ஹெட்டிலும் சுற்றிச் சூடேறிய நீர், தெர்மோஸ்டாட்டைக் கடந்து மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. பம்பைச் சுழற்றுவது ஃபேன் பெல்ட். ஃபேனும் பம்பும் ஒரே ஷாஃப்டில் அமைந்திருப்பதால் பெல்ட் அறுந்தால் இரண்டும் ஒன்றாக நின்றுவிடும்.

இங்கே சொல்லப்படும் முறை 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பொருத்திய அம்பாசிடருக்கு உரியது. பிரிட்டனின் பி.எம்.சி. வடிவமைத்த இந்த எஞ்சினை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் உத்தர்பாரா ஆலையில் பல பத்தாண்டுகள் தயாரித்தது. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினிலும் டீசல் வண்டிகளிலும் பம்பின் அமைப்பு வேறு. வேலையின் போக்கு அவற்றுக்கும் ஏறக்குறைய இதுதான் என்றாலும் போல்ட் அளவுகளையும் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டு வாசலில் வைத்துச் செய்வதற்கு இந்த வண்டி மிகவும் தோதானது. பிற்காலக் கார்கள் பலவற்றில் பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டையே கழற்ற வேண்டும். மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் எஞ்சினுக்கு ஆபத்து. அம்பாசிடரில் டைமிங் செயின் தனி மூடிக்குள் இருக்கிறது, பம்ப் வேலையில் அதைத் தொடவே வேண்டியதில்லை. பானெட்டைத் திறந்தால் கை நுழையத் தாராளமாக இடமும் உண்டு. முதல்முறை செய்பவர் ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

பம்ப் ஏன் ஒழுகுகிறது

பம்பின் உடல் வார்ப்பிரும்பு. அதன் நடுவே பேரிங்கோடு சேர்ந்த ஷாஃப்ட் ஓடுகிறது. ஷாஃப்டின் முன்முனையில் ஃபேனும் புல்லியும் மாட்டும் ஹப், பின்முனையில் நீரைத் தள்ளும் இம்பெல்லர். இம்பெல்லருக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு சீல். ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட கார்பன் வளையம் சுழலும் முகத்தோடு உரசிக்கொண்டே நீரைத் தடுத்து நிறுத்துகிறது. உரசும் பொருள் தேயத்தான் செய்யும். துருவும் உப்புப் படிவும் கலந்த நீர் ஓடினால் சீக்கிரமே தேயும். கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் சீல் முகத்தில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருப்பதைப் பார்க்கலாம்.

சீலைத் தாண்டி வரும் நீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறுவதற்காகப் பம்ப் உடலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கிறது. அந்தத் துளையிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். ஒழுக்கை நிறுத்துவதாக நினைத்துத் துளையைப் பசை வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் நீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் இறுகி, கடைசியில் ஃபேன் ஆடிப்போய் ரேடியேட்டரைக் கிழிக்கும். நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டுச் சமாளிக்கும் பழைய கைவைத்தியம் மயிரிழை ஓட்டைக்குச் சில மைல் உதவக்கூடும். சுழலும் சீலுக்கு அது எந்த வகையிலும் உதவாது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைப்பதுதான் மிச்சம்.

பம்பைக் குற்றம் சொல்லுமுன் ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஓடும் வண்டியில் ஃபேன் காற்று நீரை எங்கும் சிதறடிப்பதால், ஈரம் இருக்கும் இடத்திற்கும் ஓட்டை இருக்கும் இடத்திற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். எஞ்சின் ஆறியபின் முன்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகும் சூட்டில் அழுத்தம் இருக்கும். ஓடும்போது ஒழுகாத இடம் அப்போது ஒழுகிக் காட்டிக் கொடுக்கும். துளைக்குக் கீழே துரு நிறத்திலோ பச்சையாகவோ வெள்ளையாகவோ காய்ந்த தாரை இருந்தால் சந்தேகம் தேவையில்லை. ஹோஸ் கிளிப், தெர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டரின் சால்டர் இணைப்புகள், பிளாக்கின் பக்கவாட்டை அடைத்திருக்கும் வட்டத் தகடுகள் ஆகியவற்றையும் அதே டார்ச்சில் பார்த்துவிட வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் நீர் மட்டும் குறைகிறது, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனை கைக்குரியது. எஞ்சினை நிறுத்தி, எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து ஃபேனை முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஆடினால் பேரிங் போய்விட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றும்போது கரகரவென்று மணல் அரைபடுவது போன்ற உணர்வும் அதே சேதியைத்தான் சொல்கிறது.

வாங்க வேண்டியவை

புதிய பம்ப், அதற்குரிய பேக்கிங், ஃபேன் பெல்ட், மேல் கீழ் ஹோஸ்கள், கிளிப்கள், கூலன்ட். பழைய ஹோஸை விரலால் அழுத்தும்போது வெடிப்பு தெரிந்தாலோ, உள்பக்கம் ஊறிப்போய் மெதுவாக இருந்தாலோ அதையும் இப்போதே மாற்றுவது மேல். எப்படியும் கழற்றத்தான் போகிறோம். சென்னையில் அம்பாசிடர் உதிரிகளைத் தேடுபவர்கள் ஜி.பி. ரோடு கடைகளில் தொடங்கிப் பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை வரை போவது வழக்கம். கழற்றிய பம்பைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்க முடிந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒரே எஞ்சினுக்கு டைனமோ வண்டி, ஆல்டர்னேட்டர் வண்டி என்று வித்தியாசங்கள் இருந்திருக்கின்றன.

கடையிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. ஷாஃப்ட் ஆட்டமில்லாமல், சீலின் சிறு இறுக்கத்தோடு, சீராகச் சுற்ற வேண்டும். பொருத்தும் முகம் கீறலில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். போல்ட் துளைகள் பழையதோடு நேராக ஒத்துப்போக வேண்டும். பலர் பார்க்காமல் விடுவது ஹப்பின் உயரத்தை. பொருத்தும் முகத்திலிருந்து ஹப்பின் முகம் வரையுள்ள தூரம் பழைய பம்பில் எவ்வளவோ அவ்வளவே புதியதிலும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபட்டாலும் புல்லி நேர்கோட்டிலிருந்து விலகி, பெல்ட் ஓரம் பிசிறி அறுந்துபோகும்.

புதிய பம்ப் கிடைக்காதபோது பழையதை கிட் போட்டுப் புதுப்பிக்கலாம். ஷாஃப்ட்–பேரிங், சீல், சில சமயம் இம்பெல்லர் ஆகியவை கிட்டில் வரும். ஆனால் இது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஹப்பும் இம்பெல்லரும் ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றப்பட்டவை; பிரஸ் உள்ள லேத் பட்டறையில்தான் கழற்றி ஏற்ற முடியும். பேரிங்கை நிலைநிறுத்தும் சிறு கம்பியை முதலில் இழுத்து எடுக்காமல் பிரஸ்ஸில் வைத்தால் உடல் விண்டுபோகும். இம்பெல்லருக்கும் உடலுக்கும் இடையே அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் வரை இடைவெளி விட வேண்டும். அதைவிட அதிகமானால் பம்ப் சுற்றும், நீர் சரியாக நகராது.

கருவிகளில் கவனிக்க வேண்டியது ஸ்பானரின் அளவு. இந்த எஞ்சினின் போல்ட்கள் இஞ்ச் கணக்கு. பம்பைப் பிளாக்கோடு பிடிக்கும் போல்ட்களுக்கு அரை இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. ஸ்பானர் வேண்டும். வீட்டில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பானரும் நுழையும், அதுதான் சிக்கல். பல வருடத் துருவோடு இறுகிய போல்டில் அந்தச் சிறு தளர்ச்சி தலையின் மூலைகளை உருட்டிவிடும். இஞ்ச் ரிங் ஸ்பானர் அல்லது ஆறு முனை சாக்கெட் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. மற்றபடி ஸ்க்ரூ டிரைவர், அகலமான பழைய பேசின், துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், மழுங்கிய ஸ்க்ரேப்பர், நிறைய பனியன் வேஸ்ட் இருந்தால் போதும்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். முந்தைய இரவே, எஞ்சின் ஆறியதும், பம்ப் போல்ட்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்த மாதிரி. டைனமோவின் கம்பிகளைக் கழற்ற வேண்டியிருப்பதால் பேட்டரியின் எர்த் கம்பியை முதலில் விலக்க வேண்டும். பாடியோடு சேர்ந்திருப்பது எந்த முனையோ அதுதான் எர்த்.

ரேடியேட்டரின் அடியிலும் பிளாக்கின் பக்கவாட்டில் பின்பக்கமாகவும் வடிகால் உண்டு. ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கில் தங்கும் நீர் பம்பைப் பிரிக்கும்போது மொத்தமாகக் கொட்டும். பிளாக் வடிகாலைத் திறந்தும் நீர் வரவில்லை என்றால் துருக்கசடு அடைத்திருக்கிறது; கம்பி விட்டுக் குத்தினால் சேறு போல இறங்கும். கூலன்ட் கலந்த நீரைத் தரையில் விடக் கூடாது. எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயும் பூனையும் நக்கினால் உயிரே போகும். பேசினில் பிடித்து, மூடியிட்ட கேனில் ஊற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து ஹோஸ்கள். கிளிப்பைத் தளர்த்தியும் ஹோஸ் வராவிட்டால் ரேடியேட்டர் முனையோடு மல்லுக்கட்டக் கூடாது. அது மெல்லிய பித்தளை, முறுக்கினால் சால்டர் விட்டுப்போகும். மாற்றப்போகும் ஹோஸ்தானே என்று கத்தியால் நீளவாக்கில் கீறி உரிப்பது எளிது. ரேடியேட்டரை எடுக்காமலே பம்பை உருவிவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது தினமும் செய்யும் கை. மற்றவர்கள் ரேடியேட்டரின் பக்கவாட்டு போல்ட்களைக் கழற்றி நேராகத் தூக்கி வைத்துவிட்டால் இடமும் கிடைக்கும், ஸ்பானர் வழுக்கி ரேடியேட்டரில் குத்தும் பயமும் இல்லை. எடுத்த கையோடு வெளியே வைத்துத் தலைகீழாக நீர் பாய்ச்சிக் கழுவவும் செய்யலாம்.

பெல்ட்டைக் கழற்ற டைனமோவின் போல்ட்களைத் தளர்த்தி அதை எஞ்சின் பக்கம் தள்ள வேண்டும். டைனமோவின் முன்காது பம்பின் உடலிலேயே பிடிக்கப்பட்டிருப்பதால், அதையும் கழற்றி ஓரமாக வைத்தாக வேண்டும். கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஃபேனையும் புல்லியையும் ஹப்போடு பிடிக்கும் நான்கு போல்ட்கள். கழற்றுமுன் ஃபேனின் முன்பக்கத்தில் சாக்பீஸால் ஓர் அடையாளம் போட வேண்டும். திருப்பி மாட்டினாலும் ஃபேன் சுற்றும், காற்றும் வரும், ஆனால் ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய அளவு இழுக்காது. வண்டி ஏன் சூடாகிறது என்று பிறகு வாரக்கணக்கில் தேட நேரும்.

இப்போது பம்பின் நான்கு போல்ட்கள். அவை ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்டோ அந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. இளகாத போல்டை ஒரே மூச்சில் திருகக் கூடாது. தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டுத் தட்டி, எண்ணெய் விட்டு, கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். அவசரத்தில் போல்ட் உடைந்தால் துளையிட்டு எடுக்கும் வேலை பம்ப் மாற்றுவதைவிடப் பெரியது. போல்ட்கள் வந்தபின்னும் பழைய பேக்கிங் பம்பை விடாது. மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் விடும். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் பிளாக்கின் முகத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளமே அடுத்த ஒழுக்கு.

முகத்தைச் சுத்தம் செய்வதும் பேக்கிங்கும்

புதிய பம்ப் போட்டும் ஒழுகுகிறது என்று கேட்கும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் செய்த அவசரத்தால் வருபவை. பிளாக்கின் முகத்தில் பழைய பேக்கிங்கின் துணுக்குகளும் அதன்மேல் யாரோ பூசிய பசையும் கருப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். நீர்வழியைத் துணியால் அடைத்துவிட்டு, ஸ்க்ரேப்பரைத் தட்டையாகப் பிடித்துச் சுரண்ட வேண்டும். சுரண்டி முடிந்ததாகத் தோன்றியபின் விரல் நுனியைத் தடவினால் இன்னும் மேடு தட்டும் இடங்கள் தெரியும். கண்ணைவிட விரல் நம்பகமானது. போல்ட் துளைகளின் விளிம்பிலும் துரு மேடு கட்டியிருக்கும். கடைசியில் நைஸ் எமரி ஷீட்டை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றி லேசாகத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் முகம் தயார். அடைத்த துணியை எடுக்க மறக்கக் கூடாது.

பம்போடு பேக்கிங் வராவிட்டாலோ வந்தது கிழிந்துவிட்டாலோ வெட்டிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் பேக்கிங் ஷீட்டைப் பழைய பம்பின் முகத்தின்மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் உலோக விளிம்பே ஷீட்டை அறுத்துவிடும். முதலில் எதிரெதிரான இரண்டு போல்ட் துளைகளைச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் தட்டித் துளைத்து, அவற்றில் போல்டைச் செருகி ஷீட்டை நிலைநிறுத்திவிட்டு மற்றதைத் தட்ட வேண்டும். இல்லையென்றால் பாதியில் நகர்ந்துவிடும். புதிய பம்பின் முகத்தில் இந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

பேக்கிங்கின் இருபுறமும் சீலன்ட்டை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். டியூபைப் பிதுக்கித் தாராளமாகப் பூசினால் மிகுந்தது உள்பக்கம் பிதுங்கி, பின் துண்டாக உடைந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும்.

பொருத்துவது

பம்பை நேராக வைத்து நான்கு போல்ட்களையும் கையால் திருகி உட்கார வைக்க வேண்டும். ஸ்பானர் தொடும் முன் எல்லாப் போல்டும் கையாலேயே நன்றாக உள்ளே போயிருந்தால் மரை தப்பவில்லை என்று அறியலாம். பிறகு மூலைக்கு மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் சுமார் 2.3 கிலோகிராம்-மீட்டர், பழைய கணக்கில் 17 பவுண்டு-அடி. இல்லாதவர்கள் சிறிய ஸ்பானரில் மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரும்புக் குழாயைச் செருகி நீட்டி இறுக்கும் பழக்கம் இங்கே உதவாது.

டைனமோவைத் தளர்வாக மாட்டி, புல்லி, ஃபேன், பெல்ட் என்று வரிசையாகப் போட வேண்டும். ஃபேன் போல்ட்களின் ஸ்பிரிங் வாஷர்களை விடக் கூடாது. பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இஞ்ச் இறங்கும் அளவுக்கு டைனமோவை வெளியே தள்ளி இறுக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது என்று பெல்ட்டை முறுக்கி வைப்பதுதான் புது பேரிங்கை ஆயுள் முடியுமுன் கொல்லும் பழக்கம். டைனமோவின் பேரிங்கும் கூடவே போகும்.

ரேடியேட்டரை இறக்கி, ஹோஸ்களை மாட்டியபின் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் உள்ள வண்டியில் கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எந்த இறக்கையாவது உரசுகிறதா என்று தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டை இந்தச் சாக்கில் பிடுங்கி எறியச் சொல்லும் யோசனை பட்டறைகளில் அடிக்கடி கிடைக்கும். வெயில் ஊருக்கு அது தேவையில்லை என்பது வாதம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வர வெகுநேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் கூடுதலாகத் தேயும். பழுதானால் புதியது போடலாம், வெறுமனே விடுவது சரியல்ல. பழையதை வெந்நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால் கொதி வருமுன் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம்.

நீர் நிரப்பி ஓட்டிப் பார்ப்பது

கூலன்ட் வாங்கும்போது செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கும் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கும் ஏற்றது என்று குப்பியில் போட்டிருப்பதாகப் பார்க்க வேண்டும். நீர் கலக்க வேண்டிய வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரில் கலந்தால் மாற்றிய பம்புக்கும் பழைய கதிதான். வடிகால்கள் இரண்டையும் மூடிவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் பிளாக்கில் காற்று சிக்கும். மேல் ஹோஸை இடையிடையே பிசைந்துவிட்டால் குமிழிகள் மேலே வரும்.

ஃபேன் சுற்றும்போது தொங்கும் துண்டு, நீண்ட சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. பேட்டரியை இணைத்து, மூடியைத் திறந்து வைத்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட வேண்டும். தொடக்கத்தில் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடேறும், அப்போது ரேடியேட்டரில் நீர்மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடியைப் போட வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது; அதே அழுத்தம் அச்சிட்ட புதிய மூடி போட வேண்டும். அதிக அழுத்த மூடி பழைய ரேடியேட்டரின் சால்டரைத்தான் சோதிக்கும்.

புதிய பம்பின் அடித்துளையில் முதல் ஓட்டத்தில் ஓரிரு சொட்டு தென்பட்டால் பதற வேண்டாம். சீலின் முகங்கள் ஒன்றோடொன்று பதியும் வரை அப்படி நேரலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகும் சொட்டினால் பம்பே பழுது, கடைக்குத் திருப்ப வேண்டும். ஈரம் துளையில் இல்லாமல் பேக்கிங் விளிம்பில் தெரிந்தால், எஞ்சின் ஆறியபின் போல்ட்களை ஒருமுறை சரிபார்க்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் மேலும் இறுக்குவதில் பயனில்லை, கழற்றி முகத்தை மறுபடி சுத்தம் செய்து புது பேக்கிங் போட வேண்டியதுதான்.

மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். புதிய பெல்ட் முதல் சில நாள் ஓட்டத்தில் சற்று நீளும். 100 கிலோமீட்டர் ஓடியபின் டைனமோ போல்ட்களைத் தளர்த்தி மறுபடி அரை இஞ்ச் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஹோஸ் கிளிப்களையும் அப்போது ஒரு திருகு இறுக்கிவிடலாம். பழைய பாணிப் பம்ப் சிலவற்றின் உடலில் கிரீஸ் விடுவதற்கென்று ஒரு திருகு இருக்கும். அப்படி இருந்தால் சர்வீஸின்போது அதைக் கழற்றிக் கொஞ்சமாகக் கையால் வைத்து மூட வேண்டும். கிரீஸ் கன்னால் அழுத்தி ஏற்றினால் கிரீஸ் பேரிங்கைத் தாண்டிச் சீலில் போய்ச் சேரும்.